தண்ணீர் பார்க்கும் பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ராசிபுரத்தில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடை என்று சொல்வது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். பஞ்சர் ஒட்டும் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாமல் மிஞ்சிப்போன இடம் அது. நான் உட்கார்ந்தால் வந்தவர் நிற்க வேண்டும். போர்டில் ரேடியோ என்று எழுதியிருந்தாலும் எனக்குச் சோறு போட்டது ரேடியோ இல்லை, லாரி டியூப்லைட்.

லாரி பேட்டரியில் டியூப்லைட் எரிய வைக்கிற சின்னத் தகரப் பெட்டி ஒன்றை நான் செய்து விற்றேன். நாமக்கல் லாரிக்காரர்களும் போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்களும் வாங்கிப் போவார்கள். பெட்டிக்குள் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிரான்சிஸ்டர், அந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டி எழுப்ப டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்யூட். ஒன்று இழுக்கும்போது மற்றது சும்மா இருக்கும். மரம் அறுக்கிறவர்கள் இரண்டு பேர் வாளின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி இழுப்பார்களே, அதே சங்கதிதான். புஷ்-புல் என்று பெயர். வருஷக்கணக்கில் அதையே செய்து செய்து, கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன் என்கிற நிலைக்கு வந்திருந்தேன். அப்படிச் செய்கிற வேலையில் ஓர் அலுப்பு வரும் பாருங்கள், அது எனக்கு முப்பது வயதுக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் மழை இல்லை. முதல் வருஷம் எல்லோரும் வானத்தைப் பற்றிப் பேசினார்கள், அடுத்த வருஷம் கிணற்றைப் பற்றிப் பேசினார்கள், அதற்கடுத்து பேச்சே குறைந்துவிட்டது. புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் பூர்வீகக் காடு இருக்கிறது. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த மேட்டுக்காடு. எனக்கு மண்வெட்டியும் ஒத்துவராது, வெயிலும் ஒத்துவராது என்பதால் என் பங்கையும் அண்ணனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுத்தான் நான் ராசிபுரத்துக்கு வந்தேன். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசாத மனிதர். கிணற்றுக்குள் வேட்டு வைத்துப் பாறையை உடைத்தார், பக்கவாட்டில் துளை போட்டுப் பார்த்தார், மேலே போர் போட்டார். எல்லாவற்றிலும் கல்மாவுதான் வந்தது.

கடைசியில் அவரிடம் ஒரு சோடி எருதுகள்தான் மிச்சம். ஒருநாள் கடைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரு போர் போட்டுப் பாத்தர்றேன் தம்பி. எருதக் குடுத்தாத்தான் போட முடியும். அதுவும் போச்சுன்னா ஊட்டப் பூட்டிப்போட்டு நாமக்கல்லுல கோழிப்பண்ணைக்கு வாட்ச்மேனாப் போயர்றோம், நானும் உங்கண்ணியும்."

மழை வருமா என்று கேட்கிற தொனியில்தான் சொன்னார். அவர் அப்படித்தான், தலை போகிற விஷயத்தையும் இந்தத் தொனியில்தான் சொல்வார். எங்கே போடுவது என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. உள்ளங்கையில் தேங்காய் வைத்துக்கொண்டு நடக்கிறவர் ஓர் இடத்தைக் காட்டினார். வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் வேறோர் இடத்தைக் காட்டினார். இரண்டு இடத்திலும் போட்டாயிற்று, இரண்டும் பொய்யாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சர்வேக்காரர் என் கடைக்கு வந்தார். அயோத்தியாப்பட்டணத்தில் குடியிருப்பவர், நிலவியல் படித்தவர். மொபெட்டின் பின்னால் ஒரு மீட்டர், வயர்ச் சுருள்கள், நான்கு இரும்பு முளைகள் என்று கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு வேலை. நான்கு முளைகளையும் ஒரே வரிசையில் அடிப்பார். வெளியில் இருக்கிற இரண்டு முளைகள் வழியாக நிலத்துக்குள் கரண்ட் விடுவார். உள்ளே இருக்கிற இரண்டு முளைகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளப்பார். அதை உள்ளே விட்ட கரண்ட்டால் வகுத்தால் ஓர் எண் வரும். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்கக் கரண்ட் ஆழமாகப் போகும். கெட்டிப் பாறையாக இருந்தால் அது முரண்டு பிடிக்கும், எண் ஏறும். உடைந்த பாறையும் ஈரமுமாக இருந்தால் வழிவிடும், எண் இறங்கும். சொன்னால் இவ்வளவுதான், ஆனால் வெயிலில் நாள் முழுக்க வயரை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

அவருக்கு வந்த தொல்லை கரண்ட்டில். நிலத்துக்குள் விட முந்நூறு வோல்ட் அளவில் வேண்டும். அதற்காக டார்ச்லைட் செல் மாதிரியான உலர் பேட்டரிகளை அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருந்தார். பஞ்ச காலத்தில் கூப்பிடுகிற ஊர்கள் கூடக்கூட அந்தப் பேட்டரிகள் சீக்கிரம் செத்துப்போயின. புதிதாக மெட்ராஸில் இருந்துதான் வர வேண்டும், வருகிறபாடாக இல்லை.

"நீ லாரிக்குப் பண்ற பெட்டியக் கொஞ்சம் மாத்திக் குடுத்தா போதும்பா" என்றார். "கார் பேட்டரில இருந்து முந்நூறு வோல்ட் வந்தா சரி."

மெக்கானிக்கிடம் வருகிற எல்லோரும் 'கொஞ்சம் மாத்தி' என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அண்ணனின் காடு மனதில் இருந்ததுதான் காரணம். முதலில் அங்கே வந்து அளக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் சரி என்றார்.

கொஞ்சம் மாற்றுகிற வேலையாக அது இல்லை. என் புஷ்-புல் பெட்டி கொடுக்கிற வோல்ட் டிரான்ஸ்பார்மரின் சுற்றுக் கணக்கோடு கட்டுண்டது. டியூப்லைட்டுக்கு அது போதும். நிலம் அப்படி இல்லையே. நஞ்சையில் நாற்பது வோல்ட்டுக்கே கரண்ட் ஓடும், எங்கள் மேட்டுக்காட்டில் முந்நூறுக்கும் அசையாது. முளைகளின் வயர் ஒன்றோடு ஒன்று உரசிவிட்டால் என் பெட்டியில் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்தே போய்விடும். நிலம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு தானாக ஏறிக்கொடுக்கிற மாதிரி வேண்டும். அதற்கு ஃப்ளைபேக் என்று ஒரு முறை உண்டு. அதில் மாறி மாறி இழுப்பது கிடையாது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், அது இழுத்துப் பிடித்து டிரான்ஸ்பார்மருக்குள் சக்தியைச் சேர்த்து வைக்கும், சட்டென்று விட்டதும் அந்தப் பக்கம் பாயும். சோளக்காட்டில் கிளி விரட்ட உண்டிவில் இழுத்து விடுவோமே, அப்படி. கல் பாய்வது இழுக்கும்போது இல்லை, விடும்போது.

என்னிடம் இருந்த டிரைவர் சர்க்யூட் இரண்டு டிரான்சிஸ்டரை எழுப்பவே பிறந்தது. புது டிரைவர் வடிவமைக்க எனக்கு அறிவும் இல்லை, பொறுமையும் இல்லை. இருந்ததையே மாற்றினேன். அதன் ஒரு பக்கத்தை டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தேன். மறுபக்கத்தைச் சும்மா தொங்கவிட்டால் அது நொண்டியடித்தது. அதனால் ஒரு ரெசிஸ்டரைக் கட்டி, வேலை செய்வதுபோல் நினைத்துக்கொள் என்று ஏமாற்றி வைத்தேன். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் டிரான்சிஸ்டர் வெந்துபோனது. இரண்டாவதும் வெந்தது. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகச் சில நாள் ஆகும்.

யோசித்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. புஷ்-புல்லில் ஒன்று ஏற்றுகிற காந்தத்தை மற்றது இறக்கிவிடும், கணக்கு நேராகிவிடும். ஒரே பக்கம் மட்டும் இழுத்தால், கம்பி சுற்றியிருக்கிற கோர் என்கிற நடுக்கட்டை காந்தத்தால் நிரம்பிவிடும், அதற்குமேல் வாங்கிக்கொள்ளாது, வருவதெல்லாம் டிரான்சிஸ்டரின் தலையில் விடியும். கோரின் இரண்டு பாதியும் இறுக்கமாக ஒட்டியிருக்கக் கூடாது, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். ஒரு தபால் கார்டைக் கத்தரித்து நடுவில் வைத்தேன். அவ்வளவுதான், டிரான்சிஸ்டர் சூடாகாமல் நின்றது. கொஞ்சம் விலகி இருந்தால்தான் தாங்கும் என்பதை அன்று வீட்டில் என் மனைவியிடம் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னேன். "இத உங்கம்மாகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது காயில், கோர் மேல் சுற்றுகிற கம்பிச் சுருள். டியூப்லைட் பெட்டிகளுக்கு நான் காயில் சுற்றியதில்லை. வெண்ணந்தூரில் ஒரு அக்கா சுற்றிக் கொடுப்பார். தறிக்காரக் குடும்பம். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் அக்கா பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றுவார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூற்கண்டுக்குத்தான் தார் என்று பெயர். அந்த ராட்டையிலேயே நான் கொடுக்கிற தாமிரக் கம்பியையும் சுற்றுவார். சுற்றை எண்ண மாட்டார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார், ஆனால் கணக்கு தப்பாது. இந்த முறை நான் கொடுத்தது தலைமுடி மாதிரியான கம்பி. மேலே எனாமல் பூச்சு. முந்நூறு வோல்ட் வர வேண்டுமானால் சுற்று நிறைய வேண்டும்.

"இது நூலவிட மோசமா இருக்குதுங்களே சாமி" என்றார் அக்கா. "கண்ணுக்கே ஆப்படலீங்க."

"மெதுவாச் சுத்துங்கக்கா. அவசரமில்லீங்க."

அவசரம் இல்லாமல் இல்லை. சர்வேக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் அக்கா காயிலைக் கொடுத்துவிட்டார். வரிவரியாக, பட்டுத்தார் போல இருந்தது. கம்பி நடுவில் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் தொடர்ச்சி பார்த்தேன், முள் நகர்ந்தது. பொருத்தினேன். சுற்றின் திசையைப் பழைய பழக்கத்தில் புஷ்-புல் மாதிரி மாட்டிவிட்டு ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, அப்புறம் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினேன். முந்நூறு வோல்ட் வந்தது. வந்ததை மீட்டரைவிட என் முழங்கைதான் முதலில் சொன்னது. கை மரத்துப்போய் சோடாக் கடைக்காரர் கொடுத்த பன்னீர் சோடாவை இடது கையால் வாங்கிக் குடித்தேன்.

அண்ணன் காட்டில் அளந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரோட்டில் இருந்து காட்டுக்கு நல்ல தூரம். லாரி பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனோம். பேட்டரி ஆசிட் ஒழுகி என் வேட்டியில் ஓட்டை விழுந்தது. காட்டில் புல் இல்லை, நிழல் இல்லை. எருதுகள் மட்டும் வேலியோரத்தில் காய்ந்த சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தன. சர்வேக்காரர் முளைகளை அடித்துக்கொண்டே போனார். அண்ணன் வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவர் போ என்றால் போய், நில் என்றால் நின்றார். தன் சொந்தக் காட்டில் அப்படி யாரோ சொல்லி அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

ஓரிடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த இடத்திலும் இல்லை. கிழக்கு மூலையில், பழைய களத்துக்குப் பக்கத்தில், முளைகள் தூரமாகப் போகப் போக எண் ஏறிக்கொண்டே வந்து, நான் நம்பிக்கையை விட்டுவிட்ட சமயத்தில் இறங்க ஆரம்பித்தது. சர்வேக்காரர் திரும்ப ஒருமுறை அளந்தார். மறுபடியும் இறங்கியது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"ஆழத்துல ஒடஞ்ச பாறை இருக்குதுங்க. தண்ணி நிக்கிற எடம். எனக்கென்னமோ இது நல்லா இருக்கும்னு தோணுது."

அண்ணன் வேலியோரம் போய் ஒரு வெள்ளைக்கல்லைத் தூக்கி வந்து அந்த இடத்தில் வைத்தார். சாயங்காலம் அண்ணி வந்து அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

திருச்செங்கோட்டில் ரிக் லாரிக்கு அப்போது ஏக கிராக்கி. பெயர் சொல்லி வைத்துவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். எருதுகளுக்கும் வியாபாரி பேசியாயிற்று, ரிக் வருகிற அன்று ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அந்தக் காத்திருப்பு நாளில் ஒருமுறை நான் காட்டுக்குப் போனேன். அண்ணன் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த வெள்ளைக்கல்லில் இருந்து மேற்குக் கோடி வரைக்கும் வாய்க்கால் வெட்டியிருந்தார். கட்டாந்தரையில், கடப்பாரை போட்டு நெம்பி, அப்புறம் மண்வெட்டியால் வழித்து வழித்து வெட்டிய வாய்க்கால். கரையை உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்திருந்தார்.

"இப்ப எதுக்குங்ணா?" என்று கேட்டேன்.

"தண்ணி வந்தப்பறம் வெட்டுனா நேரமாயிருமில்ல" என்றார். சிரித்தார். அவருக்கு மேல்பல் ஒன்று இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். அவ்வளவு நாளாகி இருந்தது அவர் சிரித்து.

நல்ல செய்தியோடு ஊர் திரும்புகிற சந்தோஷம் எனக்கும் இருந்தது. பல வருஷமாக டியூப்லைட் எரிய வைத்துக் கொண்டிருந்தவன், முதல்முறையாக உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு அதிக நாள் நீடிக்கவில்லை.

பனமரத்துப்பட்டிப் பக்கம் அளந்துகொண்டிருக்கும்போது பெட்டி நின்றுபோயிற்று என்று சர்வேக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏரியே காய்ந்து கிடக்கிற ஊரில், கூடி நின்ற ஜனங்களுக்கு முன்னால் மீட்டர் முள் அசையாமல் படுத்துவிட்டால் எப்படி இருக்கும். அவருக்குக் கோபம். பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்தில் என் டீ கொட்டியது. "நாலு பேரு முன்னால மானம் போச்சுப்பா" என்றார்.

டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தது. டிரைவர் நன்றாக இருந்தது. காயிலில் தொடர்ச்சி இல்லை. பிரிக்க ஆரம்பித்தேன். மயிரிழைக் கம்பியை அடுக்கடுக்காகப் பிரிப்பதைவிடப் பொல்லாத வேலை எதுவும் கிடையாது. அவர் எதிரில் நின்றுகொண்டே இருந்தார். பாதிக்கும் மேலே பிரித்த பிறகு ஓரிடத்தில் அடுக்குகளுக்கு நடுவில் வைத்த காகிதம் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். கருகலின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது.

சாதாரண முடிச்சு இல்லை. தறிக்காரர்கள் அறுந்த இழையை ஒட்டவைக்கப் போடுவார்களே, இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு நொடியில் விழுகிற முடிச்சு, துணியில் தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாதது, அது. கம்பி நடுவில் அறுந்திருக்கிறது. அக்கா அதை நூல் மாதிரி முடிந்துவிட்டு மேலே சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். எனாமல் பூச்சு கரண்ட்டைத் தடுக்கும், அதனால் அந்தக் கம்பியை முடிந்தால் முடிச்சு நிற்கும், கரண்ட் போகாது. இழுத்து இறுக்கியதில் எங்கேயோ ஒரு பொட்டு பூச்சு உரிந்து தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் நான் சோதித்தபோது முள் நகர்ந்தது. வோல்ட் ஏற ஏற அந்த இடத்தில் பொறி விழுந்து விழுந்து, கடைசியில் கருகி அறுந்துபோயிற்று.

வெண்ணந்தூருக்குச் சைக்கிளை மிதித்தேன். போகிற வழியெல்லாம் என்ன திட்டுவது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். அக்கா அந்த முடிச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாந்தானுங்க போட்டிருப்பேன்" என்றார். "ஆனா போட்டது நாவகமே இல்லீங்க சாமி. எழை அறுந்தா வெரலு தானா முடிஞ்சு போடுமுங்க. மனசு அங்கெ போறதே இல்லீங்க."

பொய் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளில் இருந்து தினமும் எத்தனை இழையை முடிந்திருப்பார். அந்த விரல்களிடம் போய்த் தாமிரத்துக்கு வேறு சட்டம் என்று யார் சொன்னது. சேர்த்து வைத்த திட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. புதுக் கம்பிச் சுருளைக் கொடுத்து, அறுந்தால் முடியாமல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு, ஞாபகத்துக்காகச் சுட்டுவிரலில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போதுதான் மிச்சம் உறைத்தது. முளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச வோல்ட்டே போதும், முடிச்சுக்கு வலிக்காது. தூரமாகப் போய், ஆழத்தைப் பார்க்க வோல்ட் ஏறும்போதுதான் அதில் பொறி விழும். சர்வேக்காரர் முதலில் கரண்ட்டைப் பார்ப்பார், அப்புறம் குமிழைத் திருப்பி வோல்ட்டைப் பார்ப்பார். அந்த இடைவெளிக்குள் முடிச்சு சூடேறி, பெட்டியின் பலம் குறைந்திருக்கும். கரண்ட் பலம் குறைவதற்கு முன் பார்த்தது, வோல்ட் குறைந்த பிறகு பார்த்தது. வகுத்துப் பார்த்தால் எண் இறங்கும். திரும்ப அளந்தாலும் அதேபோலத்தான் இறங்கும். ஆழத்தில் உடைந்த பாறை என்று அவர் சொன்னது பாறையைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம்.

கடையில் காத்துக்கொண்டிருந்த அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் டேபிள் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படித்தவர், நான் சொல்லி முடிப்பதற்குள் முழுவதும் புரிந்துகொண்டார்.

"ஆழமா எறங்குன எடம் உங்கண்ணன் காடு ஒண்ணுதான்" என்றார். "மத்த ஊர்ல எல்லாம் மேலாப்ல பாத்ததுதான். ரிக் வர்றதுக்கு முன்ன மறுபடி அளந்துரலாம்."

மறுபடி அளக்காமல் விட்டுவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். பாறைக்குள் என்ன இருக்கிறது என்று மீட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தண்ணீர் இருந்தாலும் இருக்கும். ஆனால் எருதுகளைக் கொடுத்துவிட்டு அப்புறம் கல்மாவு வந்தால், வாட்ச்மேன் வேலைக்குப் போகிற வழிச்செலவுக்குக்கூட அவரிடம் எதுவும் மிஞ்சாது. அதை நினைத்துத்தான் போனேன்.

இந்த முறை பேட்டரியைத் தள்ளியபோது அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை. பெட்டியில் ஒரு சின்னக் கோளாறு, ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதே கிழக்கு மூலை, அதே வெள்ளைக்கல். குங்குமம் வெயிலில் வெளுத்திருந்தது. சர்வேக்காரர் வாய்க்காலை மிதிக்காமல் தாண்டித் தாண்டி முளைகளை அடித்தார். புதுக் காயில் அசையாமல் நின்றது, பெட்டி இம்மிகூடத் தளராமல் கரண்ட் கொடுத்தது. நான் செய்ததிலேயே நல்ல பெட்டி அதுதான். எண் ஏறியது. முளைகள் தள்ளிப்போயின, இன்னும் ஏறியது. கடைசி முளை அண்ணன் வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள் போன பிறகும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அடிவரைக்கும் கெட்டிப் பாறை.

சர்வேக்காரர் அண்ணனிடம் போய்த் தன்மையாகச் சொன்னார். தன் கணக்கில் இங்கே தண்ணீர் இல்லை, போர் போடச் சொல்லத் தனக்கு மனது வரவில்லை என்றார். கூலி வாங்கவில்லை. வயரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, அண்ணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மொபெட்டில் போய்விட்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனும் அண்ணியும் அந்த வைகாசியிலேயே நாமக்கல்லுக்குப் போனார்கள். எருதுகள் போர் போடாமலேயே விற்றுப்போயின. ஒரு கோழிப்பண்ணையில் ரொம்ப வருஷம் இருந்தார்கள். காடு கைமாறியது. வாங்கியவர் அங்கே கட்டடம் கட்டினார், போர் போடவில்லை. ஆகையால் அந்த மூலையில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு என் பெட்டி சரியாக வேலை செய்தது என்பது மட்டும்தான்.

சர்வேக்காரர் போன பிறகு அண்ணன் வரப்பில் குந்தினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ரிக்கு வேண்டாமுன்னு ராசிபுரம் போயி போன் பண்ணிச் சொல்லிப்போடு தம்பி."

"சரிங்ணா."

அவர் கேட்காமலேயே எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். கம்பி அறுந்தது, அக்கா முடிந்தது, வோல்ட் ஏறினால் பொறி விழுவது, எண் இறங்குவது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் என் மேல் தப்பில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் பொறுமையாக முழுவதும் கேட்டார். பாடம் கேட்கிற மாதிரி நடுநடுவே தலையாட்டினார்.

"அப்ப முந்தி காமிச்சது பொய்யி."

"ஆமாங்ணா."

"இன்னைக்குக் காமிச்சது நெசம்."

"ஆமாங்ணா."

ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பொடித்தார்.

"கெணறு வத்துனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல சாமி. கண்ண மூடுனா மோட்டாருச் சத்தங் கேக்கும், எந்திரிச்சுப் பாத்தா ஒண்ணும் இருக்காது. உன்ற பெட்டி தண்ணி இருக்குதுன்னு சொல்லுச்சு பாரு, அன்னைல இருந்து நேத்து வரைக்கும் படுத்ததுந் தூங்கிப்போட்டேன். உங்கண்ணியக் கேட்டுப் பாரு, கொறட்ட விட்டேனாமா."

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் விரல்களுக்கு நடுவில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், எருதுகளை அவிழ்க்கப் போகிறவர்போல இரண்டடி நடந்தார். அப்புறம் திரும்பினார்.

"ஏன்டா சாமி மறுக்கா வந்து பாத்தே?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எருது, ரிக், கல்மாவு என்று என்னிடம் நியாயங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் கோபப்படவில்லை. சின்ன வயதில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது நெற்றியில் கை வைத்துக்கொண்டு என்னடா பண்ணுது என்று கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.